வடநெம்மேலி இருளர் பாம்புப் பண்ணை: பாம்பை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது வடநெம்மேலி. பேருந்தில் "முதலைப் பண்ணை" என்று சொன்னால் போதும், வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். 1976இல் தொடங்கப்பட்ட அந்த வளாகத்துக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்கும் இடமும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சிறு சீட்டு வாங்க வேண்டும். முதலையைப் பார்த்த களைப்பில் இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த வளாகத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், எங்கள் பரிந்துரை இதுதான். காரணம் பாம்பு அல்ல. அங்கே வேலை செய்கிறவர்கள்.

காட்சி என்று பார்த்தால் இது சின்னது. ஒரு பள்ளம், சுற்றிலும் கட்டைச்சுவர், உள்ளே வரிசையாக மண்பானைகள். சுவருக்கு வெளியே நின்று நீங்கள் பார்ப்பீர்கள். உள்ளே ஒருவர் கையில் கொக்கிக் கம்பியோடு வந்து, பானையின் வாயைக் கட்டியிருக்கும் துணியை அவிழ்ப்பார். ஒவ்வொரு பாம்பாக வெளியே எடுத்துக் காட்டி, பெயர் சொல்லி, பழக்கம் சொல்லி, விஷம் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் பானைக்குள் விடுவார். மகுடி கிடையாது. பாம்பை ஆடவைப்பதும் முத்தம் கொடுப்பதும் கிடையாது. வித்தை பார்க்கும் எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். வேலை பார்க்கத் தெரிந்தவர்களின் வேலையைப் பார்ப்பதில் சுவை உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் இதற்கு இணையான இடம் குறைவு.

முதலில் பானை. அதை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். மண்பானை கசிந்து ஆவியாகும், அதனால் கோடையிலும் உள்ளே குளிர்ச்சி நிற்கும். அடியில் மணல் போட்டிருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும், பாம்பு உடம்பைப் பதித்துக்கொள்ள இடம் தரும், அழுக்கானால் கொட்டிவிட்டுப் புது மணல் போடலாம். வாய்க்குப் பருத்தித் துணிதான், மூடி கிடையாது. துணி வழியாகக் காற்று போகும். இருட்டாகவும் இருப்பதால் பாம்பு அமைதியாகக் கிடக்கும். கண்ணாடிப் பெட்டியில் அடைத்தால் பாம்பு மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்தப் புண் வாய்க்குள் பரவினால் அதனிடமிருந்து நல்ல விஷம் எடுக்க முடியாது. ஒரு பானையில் ஒரே இனத்தில் ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் வைப்பதில்லை. உலகின் பல பெரிய கூடங்களில் வெப்பநிலைக் கருவியும் பிளாஸ்டிக் பெட்டியும் செய்யும் வேலையை இங்கே குயவர் செய்த பானை செய்கிறது.

இனி கை. துணியை அவிழ்க்கும் விதத்தைக் கவனியுங்கள். முடிச்சு தன் பக்கம் இருக்காது. அவிழ்த்த துணியைச் சட்டென்று இழுக்க மாட்டார்கள். பானையைச் சாய்த்து, வாயைத் தம்மிடமிருந்து அப்பால் திருப்பி, பாம்பு தானாக வெளியே வர ஒரு கணம் கொடுப்பார்கள். அப்புறம் கொக்கி உடம்பின் முன்பாதியைத் தாங்கும், இன்னொரு கை வாலருகே பிடிக்கும். எடை முழுவதையும் வாலில் தொங்கவிட்டால் பாம்பின் முதுகெலும்புக்குக் கேடு, அதனால்தான் இந்த இரண்டு இடத் தாங்கல். தலையைப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் உச்சியில், கட்டைவிரலும் நடுவிரலும் தாடை மூலைகளில். அழுத்தம் மிகக் கொஞ்சம். புதிதாகப் பிடிக்கிறவர்கள் பயத்தில் இறுக்குவார்கள். இறுக்கினால் பாம்பு திமிறும், திமிறினால் பிடி நழுவும். இருளர் கையில் இருக்கும் பாம்பு அவ்வளவாகத் திமிறாது. அதை வைத்தே தொழில் தெரிந்த கையை அடையாளம் காணலாம்.

கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய சவ்வு இழுத்துக் கட்டியிருக்கும். பாம்பின் வாயை அதன்மேல் கொண்டுவருகிறார்கள், அது கடிக்கிறது, பல் சவ்வைத் துளைக்கிறது, விஷம் சொட்டுகிறது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விஷச் சுரப்பியை விரலால் லேசாக நீவிக் கொடுப்பார்கள். சவ்வு எதற்கு என்று கேளுங்கள். காரணம் இரண்டு. எதையோ கடித்தோம் என்ற உணர்வு இருந்தால்தான் பாம்பு விஷத்தை முழுதாக விடும். எச்சிலும் மணலும் குவளைக்குள் விழாமல் சவ்வின் மேலேயே நின்றுவிடும். நீவுவது கொஞ்சம் கூடினால் சுரப்பி கன்றிப்போகும். ஈறு கிழிந்து இரத்தம் கலந்தால் அந்த விஷம் வீண். ஆக இது வன்மையாகப் பிழியும் வேலை அல்ல. கன்று குடித்த பிறகு மடியில் கைவைக்கிறவரின் பக்குவம் வேண்டும்.

அங்கே உள்ள நான்கு வகைப் பாம்புக்கும் நான்கு விதமான கை வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள்.

நல்ல பாம்பு படம் எடுத்து நிற்கும், கூட்டம் "ஆ" என்னும். உள்ளே நிற்பவருக்கு அது எளிதான பாம்பு. எழுந்து நின்று, "இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறது. படத்துக்கு எட்டும் தூரமும் கண்ணால் கணக்கிடக்கூடியதே. பல் குட்டை, அசையாது. விஷம் இளமஞ்சளாகக் குழம்பு போல இறங்கும்.

கண்ணாடி விரியன் வேறு கதை. குக்கர் விசில் போல நீளமாகச் சீறும். உடம்பில் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்தாற்போலக் கரும்பழுப்பு வட்டங்கள். மந்தமாகக் கிடப்பது போலத் தோன்றும், பாய்ச்சல் அப்படி இருக்காது. அதன் நச்சுப்பல் நீளமானது, மடங்கி விரியும், இடமும் வலமும் தனித்தனியாகத் திரும்பும். தலையைச் சரியாகப் பிடித்திருக்கும்போதே பல் பக்கவாட்டில் திரும்பி, பிடித்தவரின் விரலைக் குத்திவிட முடியும். அதனால் இதற்கு விரல் வைக்கும் இடம் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும். உற்றுப் பார்த்தால் தெரியும்.

கட்டுவிரியன் பகலில் சுருண்டு, தலையைத் தன் உடம்புக்குள்ளேயே புதைத்துக்கொள்ளும். பார்வையாளர்கள் இந்த இடத்தில் சலிப்படைந்து கைப்பேசியை எடுப்பார்கள். அங்கே உள்ள நான்கில் சொட்டுக்குச் சொட்டு மிகக் கொடிய விஷம் இதனுடையதுதான். பல் மிகச் சிறியது, கடிக்கவே தயங்கும், பகலில் விஷம் எடுப்பது பொறுமையான வேலை. கிடைப்பதும் கொஞ்சம், பெரும்பாலும் நிறமற்றது. கிராமத்தில் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பதும் இதுவே. வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கி மூச்சில் போய் நிற்கும். "பூச்சி கடித்திருக்கும்" என்று விட்டுவிடுகிற உயிர்கள் இதனால் போகின்றன. பெயரில் விரியன் இருந்தாலும் இது நாகத்தின் குடும்பம், விரியன் குடும்பம் அல்ல.

சுருட்டை விரியன் நான்கில் சிறியது, நம் பக்கத்தில் ஓர் அடியை ஒட்டி இருக்கும். உடம்பைப் பிறைபிறையாகச் சுருட்டி, செதிலோடு செதிலை உரசி ரம்பம் அறுப்பது போல ஒலி எழுப்பும். கொக்கியில் நிற்காது, வாலைப் பிடித்தால் திரும்பி வந்துவிடும். ஒரு பாம்பிலிருந்து கிடைப்பது சில மில்லிகிராம்தான். ஒன்றுக்கு 5 மில்லிகிராம் உலர் விஷம் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு கிராம் சேர்க்க 200 முறை இந்தச் சின்னத் தலையைப் பிடிக்க வேண்டும். சின்னப் பாம்பு என்று காட்சியில் இதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள் என்று தோன்றினால், இன்னொருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

விளக்கம் தமிழில் நடக்கும்போது கேட்பதே மேல். இருளர்கள் தம் சொந்தச் சொற்களில் பேசும்போது வரும் நுணுக்கம் மொழிபெயர்ப்பில் வராது. கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்கும் முறையில் மரியாதை இருக்கட்டும். வயதில் மூத்தவரை "ஏய் பாம்பாட்டி" என்று வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை, அது வேதனை. இவர்கள் பாம்பாட்டிகள் அல்லர். ஐயா, அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பாம்பை எங்கே, எப்படிப் பிடித்தீர்கள்?" வேலையின் பெரும்பகுதி பள்ளத்தில் நடப்பதில்லை, வரப்பில் நடக்கிறது. அதை நீங்கள் பார்க்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருளர்கள் பாம்பைத் தேடிப் போவதில்லை, வளையைப் படிக்கிறார்கள். வளை வாயில் சிலந்தி வலை முழுதாக இருந்தால் அண்மையில் யாரும் உள்ளே போகவில்லை. எலிப் புழுக்கையும் புதுமண்ணும் இருந்தால் எலி குடியிருக்கிறது. மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், செதில் பட்ட கோடு இருந்தால், எச்சத்தில் எலி மயிரும் வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற பகுதியும் இருந்தால், உதிர்ந்த சட்டைத் துண்டு கிடந்தால், உள்ளே பாம்பு. அந்தச் சட்டையின் செதில் வடிவத்தைப் பார்த்தே இனம் சொல்லிவிடுவார்கள். கையில் இருப்பது கடப்பாரையும் துணிப்பையும். வளையை எந்தப் பக்கமிருந்து வெட்டுவது என்பதில்தான் திறமை. தவறான பக்கம் குத்தினால் கடப்பாரை பாம்பின்மேல் இறங்கும். அடிபட்ட பாம்பு சங்கத்துக்குப் பயன்படாது. சினைப்பாம்பையும் சிறு பாம்பையும் எடுப்பதில்லை. "பாம்பின் கால் பாம்பறியும்" என்பார்கள். வடதமிழ்நாட்டின் வயல்வெளியில் அந்தக் காலை இருளரும் அறிவார்கள்.

இந்த அறிவு இடம் மாறினாலும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ஒரு சான்று. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே வந்தேறிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பது வேலை. முன்பின் பார்த்திராத சதுப்புநிலம். ஒரு வாரத்துக்குச் சற்று மேலான காலத்தில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விருது கிடைத்தபின் பலர் இவர்களோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் வருகிறார்களோ என்ற கவலை எங்களுக்கு உண்டு. வளையை எப்படிப் படிப்பது என்று உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்கிற வேலை அதைவிட அவசரமானது.

சங்கம் எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் நடுப்பகுதிவரை பாம்புத்தோல் வணிகம்தான் இருளர்களுக்குக் காசு. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து தோல் ஏற்றுமதியும் நின்றது. சட்டம் பாம்பைக் காத்தது, பாம்பு பிடித்தவர்களின் அடுப்பை அணைத்தது. அப்போது முதலைப் பண்ணையை நிறுவிய பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் இருளர்களோடு சேர்ந்து வைத்த யோசனை எளிமையானது: தோலுக்காகக் கொன்ற பாம்பை விஷத்துக்காக உயிரோடு பிடித்து, எடுத்தபின் திரும்ப விட்டுவிடலாம். 1978இல் சங்கம் பதிவானது. பிடித்த பாம்பின் இனம், பால், நீளம், எடை எல்லாம் பதிவேட்டில் ஏறும். வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். மூன்று நான்கு வாரத்தில் வனப்பகுதியில் விட்டுவிடுவார்கள். விடும்முன் வயிற்றுச் செதிலில் ஓர் ஓரத்தைக் கத்தரித்துக் குறி வைப்பார்கள். அந்தக் குறி சில தடவை சட்டை உரித்தபிறகுதான் மறையும். அதற்குள் அதே பாம்பு மறுபடி பிடிபட்டால் குறியைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள். நகம் வெட்டுவது போன்ற சிறு வேலை, இந்த ஏற்பாடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

எடுத்த விஷம் அறை வெப்பத்தில் நிற்கக்கூடாது, கெட்டுவிடும். குளிரில் உறையவைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை இழுத்து உலர்த்துகிறார்கள். மிஞ்சுவது பொடி, படிகம் போலப் பளபளக்கும். ஈரம் கொஞ்சம் தங்கினாலும் பொடி கட்டிபட்டு வீரியம் குறையும். இந்தப் பொடியை மருந்து நிறுவனங்கள் வாங்கி, குதிரைக்கு மிகச் சிறு அளவில் தொடங்கி மாதக்கணக்கில் ஏற்றி, குதிரை இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துச் சுத்திகரித்து விஷமுறிவு மருந்தாக்குகின்றன. இந்தியாவில் இந்த மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பங்கு நெடுங்காலமாக இந்தப் பானைகளிலிருந்தே வந்திருக்கிறது.

சீட்டுக்காசு மதிப்பு உள்ளதா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு மருந்தில் 1 மில்லிலிட்டர், நல்ல பாம்பு விஷத்தில் 0.6 மில்லிகிராம், கண்ணாடி விரியனில் 0.6, கட்டுவிரியனில் 0.45, சுருட்டையில் 0.45 மில்லிகிராம் முறிக்க வேண்டும் என்பது அளவுகோல். ஒரு குப்பி 10 மில்லிலிட்டர். அதாவது ஒரு குப்பி முறிப்பது 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷம். அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக இறக்குவது 63 மில்லிகிராம் என்று அளந்திருக்கிறார்கள். 63ஐ 6ஆல் வகுத்தால் பத்துச் சொச்சம். மருத்துவமனையில் முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி என்று ஏன் போடுகிறார்கள் என்பது இங்கே விளங்கிவிடும். "இவ்வளவு மருந்தா?" என்று சண்டை போடும் உறவினர்களுக்கு இந்த வகுத்தல் கணக்கைச் சொல்லுங்கள். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு கடிக்கும்போது குழந்தை என்று பார்த்துக் குறைத்து விடுவதில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. பள்ளத்தில் சொட்டும் அந்த மஞ்சள் துளி போய்ச் சேரும் இடம் இது.

குறை இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றின் வேர் இங்கே வேலை செய்கிறவர்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. சங்கத்துக்கு உரிமம் உள்ளது சென்னையைச் சுற்றிய வட மாவட்டங்களில் பிடிக்க மட்டும். பாம்பு விஷமோ ஊருக்கு ஊர் மாறும். அதே கண்ணாடி விரியன்தான், ஆனால் ராஜஸ்தானில் இருப்பதன் விஷக் கலவையும் செங்கல்பட்டில் இருப்பதன் கலவையும் ஒன்றல்ல. செங்கல்பட்டு விஷத்தால் செய்த மருந்து சில வட்டாரங்களில் பலம் குறைந்து வேலை செய்கிறது என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி மேலே வளைந்த குழிவிரியன் ஒன்று இருக்கிறது. அதன் கடிக்கு இந்த மருந்து கேட்காது. இந்திய மருந்தையே வாங்கிப் பயன்படுத்தி வந்த இலங்கையிலும் அதே இனக் குழிவிரியன் கடி மிகுதி, அங்கும் அதே சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலோ, பிடித்து எடுத்து விட்டுவிடும் முறையைவிட, பாம்புகளை நீண்டகாலம் பேணி, எந்தப் பாம்பிலிருந்து எந்த விஷம் என்று தடம் காணும் முறையையே விரும்புகிறது. இந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான தீர்வு இருளரை ஒதுக்கிவிட்டுக் கட்டப்படும் குளிரூட்டிய கூடம் என்று முடிவானால், அது எழுபதுகளில் நடந்த தவறை மறுபடி செய்வது. மற்ற மாநிலங்களிலும் பிடிக்க உரிமம், பாம்புவாரியாகத் தனிக் குப்பி, தனிப் பதிவு, பயிற்சி. கை இருக்கிறது, கண் இருக்கிறது, மீதியைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

கூலியும் ஒரு குறையே. பிடித்த பாம்புக்கு இனத்தைப் பொறுத்துத் தொகை. நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் கூடுதல், கட்டுவிரியனுக்கும் சுருட்டைக்கும் குறைவு. ஆண்டுதோறும் எந்த இனத்தில் எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி தர வேண்டும். அது தள்ளிப்போகும் மாதங்களில் பிடிப்பவருக்கு வருமானம் இல்லை, செங்கல் சூளையும் வயல் கூலியும்தான். நாட்டுக்கே மருந்து மூலப்பொருள் தருகிறவர்களின் வேலை ஒரு கோப்பின் நகர்வைப் பொறுத்து இருப்பது நியாயமே இல்லை.

ஆசிரியர்கள் வகுப்பை அழைத்து வருவதாக இருந்தால் சில நடைமுறைக் குறிப்புகள். திங்கட்கிழமை முதலைப் பண்ணைக்கு விடுமுறை. காட்சி நடக்கும் நேரத்தை வளாகத்துக்குள் நுழைந்தவுடனேயே கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப மற்றவற்றைப் பார்க்கத் திட்டமிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நேரம் தவறும். காலையிலேயே வருவது நல்லது. வெயில் ஏறினால் பிள்ளைகள் சுணங்குவார்கள், உள்ளே நிற்பவருக்கும் வியர்வையில் கை வழுக்கும். 60 பிள்ளைகளை ஒரே நேரத்தில் சுவரைச் சுற்றி நிறுத்தினால் பின்வரிசை முதுகைத்தான் பார்க்கும், இரண்டாகப் பிரியுங்கள். சின்னப் பிள்ளைகளைச் சுவர்மேல் உட்காரவைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கைப்பேசியில் பளிச்சென்ற ஒளியை அணைத்துவிடுங்கள். அது பாம்பைவிட, பாம்பின் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரின் கண்ணைக் கூசவைக்கும். கூச்சலும் அப்படித்தான். காற்றில் வரும் பேச்சு பாம்புக்கு அவ்வளவாக எட்டாது, தரையதிர்வுதான் நன்றாக எட்டும். கவனம் சிதறுவது பிடித்திருப்பவருக்கு.

வருவதற்கு முந்தின நாள் வகுப்பில் இந்த நான்கைப் போலவே தோன்றும் போலிப் பாம்புகளைச் சொல்லிவையுங்கள், பார்க்கும்போது பதியும். கட்டுவிரியன் என்று அடிபட்டுச் சாவது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்பு. கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டைகள் மெல்லியவை, இரட்டை இரட்டையாக வரும், தலைப்பக்கம் மங்கி வால்பக்கம் தெளிவாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு நேர்மாறு, கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். சுவரில் ஏறுவதும் ஓநாய்ப் பாம்புதான். கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில் மற்றவற்றைவிடப் பெரிதாக அறுகோணமாக இருக்கும். இதைக் காட்டச் சொல்லிக் கேட்டால், அங்கே இருப்பவர்கள் பாம்பைத் திருப்பிப் பிடித்துக் காட்டுவதற்கு வாய்ப்பு உண்டு. கண்ணாடி விரியனோடு மண்ணுளியைக் குழப்புகிறார்கள், சுருட்டையோடு பூனைப் பாம்பை. சாரையும் நாகமும் பிணைகின்றன என்று ஊரில் சொல்வது இரண்டு ஆண் சாரைகளின் சண்டை. பாம்பு பால் குடிக்காது, பழியும் வாங்காது.

திரும்பிப் போனபின் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கடிபட்டால் கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துவராதே, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போ. கிராமப்புறச் செவிலியர் யாராவது குழுவில் இருந்தால் அவருக்கு ஒரு சொல் கூடுதலாக: 2 மில்லிலிட்டர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, குழாய் புதியதாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும்.

ஒரு நாள் கூடுதலாக ஒதுக்க முடிகிறவர்கள், செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் 1986இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே மூலிகைத் தோட்டமும் நாற்றங்காலும் பெண்கள் கையில். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. வேலை நாளில் அவர்கள் செடிகளுக்கு நடுவில் இருப்பார்கள், வாசலில் காத்திருக்க மாட்டார்கள்.